எம்எஸ்ஏஆர் சந்தா: மேஜர் தேடுகிறவர் வாங்கலாமா?

அமெரிக்காவில் பிஎஸ்-எம்டி என்று கல்லூரிப் படிப்புக்கும் மருத்துவப் படிப்புக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் சில இடங்களை விட்டால், டாக்டருக்குப் படிக்க முதலில் நாலு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்தாக வேண்டும். அந்த நாலு வருடம் என்ன மேஜர், அதாவது முதன்மைப் பாடம்? பயாலஜியா, பயோகெமிஸ்ட்ரியா, நியூரோசயின்ஸா? இந்தக் கேள்வியோடு அலைகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது எம்எஸ்ஏஆர் வாசலில்தான். மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் இணையத் தரவுத்தளம் இது. வருடச் சந்தா முப்பது டாலர் அளவில். இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் கொஞ்சம் மலிவு.

கொடுக்கும் காசுக்குத் தகும். ஆனால் கல்லூரி சேர்ந்த முதல் வருடத்தில், மேஜரை முடிவு செய்ய என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

இதன் பலம் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் தனித்தனியாக இருக்கும் பாடப் பட்டியல். எது கட்டாயம், எது வெறும் பரிந்துரை, லேப் வேண்டுமா, பள்ளியில் எழுதிய ஏபி தேர்வின் மதிப்பெண்ணை ஏற்பார்களா, இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்தது செல்லுமா என்பதெல்லாம் அதில் உண்டு. பத்துக் கல்லூரிகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே கூட்டம்தான் கண்ணில் படும்: பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், ஃபிசிக்ஸ் தலா இரண்டு செமஸ்டர் லேபோடு, பயோகெமிஸ்ட்ரி ஒன்று, அதோடு ஆங்கிலமும் கணக்கோ புள்ளியியலோ. எந்த மேஜரிலிருந்தும் இதை முடிக்கலாம்.

மாட்டிக்கொள்ளும் இடம் வரிசை. ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு, ஆர்கானிக் இரண்டு, பயோகெம் ஒன்று, ஆக ஐந்து செமஸ்டர் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போகும். முதல் வருட இலையுதிர் செமஸ்டரிலேயே தொடங்கினால் மூன்றாம் வருட இலையுதிரில் முடியும். வசந்தத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதலாம். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் பயோகெம்மும் எம்கேட்டும் ஒரே நேரத்தில் கழுத்தில் விழும். எம்கேட்டில் பயாலஜிப் பகுதியில் கால்வாசி, கெமிஸ்ட்ரி-ஃபிசிக்ஸ் பகுதியில் இன்னொரு கால்வாசி பயோகெம் என்பதால் அதைப் படிக்காமல் போய் உட்காரவும் முடியாது. இந்த வரிசைக் கணக்கை எம்எஸ்ஏஆர் எங்கேயும் சொல்லாது. பட்டியலைக் கொடுக்கும், அவ்வளவே.

அது சொல்லாத இன்னொன்று, பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஏஎம்சிஏஎஸ் விண்ணப்பத்தில் உங்கள் ஜிபிஏ (4-க்குப் போடும் மதிப்பெண் சராசரி) எப்படிப் பிரியும் என்பது. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணக்கு நான்கும் சேர்ந்தது சயின்ஸ் ஜிபிஏ. மற்றதெல்லாம் வேறு கூடை. நியூரோசயின்ஸ் பாடம் பயாலஜியில் சேரும், புள்ளியியல் கணக்கில் சேரும். சைக்காலஜி சேராது. எஞ்சினியரிங் பாடங்களும் சேராது. பயோமெடிக்கல் எஞ்சினியரிங் எடுத்துத் தன் துறைப் பாடங்களில் ஏ-யாகக் குவித்தாலும், ஃபிசிக்ஸில் வாங்கிய சி மட்டும் சயின்ஸ் கூடையில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அது எவ்வளவு இழுக்கும்? சயின்ஸில் 36 கிரெடிட் (பாடங்களின் எடை), சராசரி 3.8 என்று வைத்துக்கொள்வோம். 4 கிரெடிட் ஆர்கானிக்கில் சி பிளஸ் (2.3) வந்தால் மொத்தம் 40 கிரெடிட், சராசரி 3.65. அதே பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினால், பழைய மதிப்பெண்ணை நீக்கிவிடும் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) 3.82 என்று காட்டும். ஏஎம்சிஏஎஸ் இரண்டையும் எண்ணும்: 44 கிரெடிட், 3.68. டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டு எம்எஸ்ஏஆரில் கல்லூரிகளின் மீடியனோடு (எடுக்கப்பட்டவர்களின் நடு எண்ணோடு) ஒப்பிடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். முதலில் உங்கள் எண்ணை ஏஎம்சிஏஎஸ் முறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மேஜருக்கென்று தரவு வேண்டுமானால் அதே ஏஏஎம்சி இலவசமாக வெளியிடும் ஏ-17 அட்டவணையைப் பாருங்கள். விண்ணப்பிக்கிறவர்களில் பாதிக்கு மேல் பயாலஜி சார்ந்தவர்கள். கணக்கு, ஃபிசிக்ஸ், இலக்கியம் படித்துச் சேர்ந்தவர்களின் எம்கேட் சராசரி சற்றே கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்து ஃபிசிக்ஸுக்கு ஓட வேண்டாம். அந்த மேஜரில் தாக்குப்பிடித்து நின்றவர்களின் எண் அது, பாதியில் மாறியவர்கள் அந்த வரிசையில் இல்லை.

எங்கள் கணிப்பு இது. பயோகெமிஸ்ட்ரி மேஜரில் தேவையான பாடங்கள் ஏறக்குறைய எல்லாமே உள்ளேயே வந்துவிடும். ஆனால் கூடவே பிசிக்கல் கெமிஸ்ட்ரி வரும், அதற்கு முன்னால் கால்குலஸ் வரிசை வரும். எம்கேட்டுக்கு அந்த ஆழம் தேவையே இல்லை, ஜிபிஏ மட்டும் அடிவாங்கும். கெமிஸ்ட்ரி உண்மையிலேயே பிடித்தவருக்குத்தான் அது. பயாலஜியில் பிஏ, பிஎஸ் இரண்டும் இருந்தால் பிஏ-வில் கட்டாயப் பாடம் குறைவு; மிச்சமாகும் இடத்தில் உடலியங்கியலும் புள்ளியியலும் எடுக்கலாம். நியூரோசயின்ஸ் நல்ல நடுவழி: எம்கேட்டின் நாலாவது பகுதியில் 65 சதவீதம் சைக்காலஜி.

எம்எஸ்ஏஆருக்கே திரும்பினால், அதன் பெரிய குறை "பரிந்துரை" என்ற சொல். ஒரு கல்லூரியில் அது மரியாதைக்குச் சொன்ன கட்டாயம், இன்னொன்றில் ஒப்புக்கு. ஒவ்வொரு முறையும் அந்தந்தக் கல்லூரியின் சொந்தத் தளத்துக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. எம்டிக்குப் பதில் டிஓ என்ற ஆஸ்டியோபதி டாக்டர் பட்டம் தரும் கல்லூரிகள் இதில் கிடையவே கிடையாது. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்கோ டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்று தனி விண்ணப்பம். அங்கே பயாலஜிக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் செமஸ்டர் மணி (கிரெடிட்) கேட்பார்கள். வழக்கமான இரண்டு செமஸ்டர் 8 மணியோடு நின்றால் விண்ணப்பம் நொண்டும். அங்கே வெளிமாநிலத்தாருக்குப் பத்தில் ஒரு இடம்தான் என்பதால், மீடியன் பார்க்கும் முன் உள்ளூர், வெளியூர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களுக்கு எம்எஸ்ஏஆரில் பாடப் பட்டியலைவிட முக்கியமான ஒரு வரி உண்டு: வெளிநாட்டு மாணவர்களை எடுப்பார்களா என்பது. பெற்றோரின் வேலை விசாவை ஒட்டிய ஹெச்-4 விசாவில் வளர்ந்து 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிய பிள்ளைக்குப் பாதிக்கு மேல் பட்டியல் அங்கேயே கழிந்துவிடும்.

விண்ணப்பிப்பதற்கு முந்தைய வசந்தத்தில், புது வருடத் தரவு ஏறிய பிறகு ஒரு வருடச் சந்தா போதும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் பணம் கட்டுவதற்கு முன் ஏஏஎம்சியின் கட்டண உதவித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால் எம்எஸ்ஏஆர் இலவசம், எம்கேட் கட்டணமும் குறையும். ஆனால் ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.