அருங்காட்சியகத் திரைகளுக்கு எந்த மென்பொருள்: ஜீபோ, யோடெக், ஆந்தியாஸ்

எங்கள் சிறிய அருங்காட்சியகத்தில் நுழைவாயிலிலும் காட்சிக்கூடங்களிலும் மாட்டியிருக்கும் திரைகளை இயக்க மூன்று மென்பொருள்களைப் பார்த்து, ஜீபோவைத் தேர்ந்தெடுத்தோம். படம், காணொளி, இணையப் பக்கம் ஆகியவற்றை மூன்றுமே காட்டும். இணையம் துண்டிக்கப்பட்டாலும், ஏற்கெனவே இறக்கிவைத்த படங்களும் காணொளிகளும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆந்தியாஸ், முன்பு ஸ்க்ரீன்லி ஓஎஸ்இ என்று அழைக்கப்பட்டது. இலவசம், திறமூலம் (அதாவது மூல நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம்). ராஸ்பெரி பை என்ற சிறிய கணினிப் பெட்டியில் நிறுவி, உலாவியில் திறந்து படத்தை ஏற்றினால் வேலை முடிந்தது. ஒரே ஒரு திரை இருந்தால் இதுவே போதும். ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே திறந்துதான் மாற்ற வேண்டும். நாளை விடுமுறை என்ற ஒற்றை வரிக்காக ஊழியர் எல்லாத் திரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்க முடியாது.

யோடெக் மேகச் சேவை, அதாவது அந்த நிறுவனத்தின் கணினிகளில் இயங்குவதை இணையம் வழியே நாம் பயன்படுத்துவது. ஒரு திரைக்கு இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு திரைக்கும் சந்தா. பயன்படுத்த மூன்றிலும் எளிது இதுதான். இருந்தும் வேண்டாம் என்றோம். தொகை பெரிது என்பதால் அல்ல, எங்களுக்குப் பணம் வரும் விதத்தால்.

சிறிய அருங்காட்சியகத்துக்கு மானியமோ நன்கொடையோ பெரும்பாலும் ஒருமுறைதான் வரும். அதில் திரை வாங்கலாம், கணினி வாங்கலாம், வயரிங் செய்யலாம். ரசீது இருந்தால் தணிக்கையில் கேள்வி எழாது. ஆனால் வெளிநாட்டு நாணயத்தில் தொடர்ந்து கட்டவேண்டிய சந்தாவை எந்தத் தலைப்பில் எழுதுவது? முதல் ஆண்டு சமாளித்துவிடலாம். பொறுப்பாளர் மாறி, புதியவர் கையெழுத்திடத் தயங்கினால், நல்ல நிலையில் இருக்கும் திரைகளும் வெறுமனே சுவரில் தொங்கும். கட்டடம் இருக்கும்வரை ஓடவேண்டிய ஒன்றை ஆண்டுதோறும் அனுமதி கேட்டு ஓட்டக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

ஜீபோவின் நிர்வாகப் பகுதி திறமூலம். மென்பொருளைத் தேவையானவற்றோடு சேர்த்து ஒரே பொதியாக இயக்கும் டாக்கர் என்ற கருவி மூலம் அலுவலகக் கணினியிலேயே நிறுவலாம். திரையில் காட்டும் மென்பொருளான பிளேயர், விண்டோஸ், லினக்ஸ் கணினிகளுக்கு இலவசம். ஆண்ட்ராய்டுக்கும், எல்ஜி, சாம்சங் திரைகளுக்குள்ளேயே இயங்கும் பிளேயர்களுக்கும் உரிமம் வாங்க வேண்டும். அதனால் திரைகளுக்குப் பின்னால் விண்டோஸ் மினி கணினிகளை வைத்தோம். நாணயக் கூடத்துக் காப்பாளர் தன் திரையை மட்டும் மாற்றும்படி அனுமதியைப் பிரித்துக் கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வரும் காலை நேரத்துக்குத் தனி அட்டவணை போடலாம். பொருத்தமான எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பது பலரும் அறிந்தது. இதில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பை நிர்வாகப் பகுதியில் ஒருமுறை ஏற்றினால் போதும், எல்லாத் திரைகளுக்கும் போய்ச்சேரும். தலைப்புப் பலகையைத் திருத்தும்போதெல்லாம் அதைப் படமாக மாற்றி ஏற்றும் வேலை இல்லை.

ஆனால் ஜீபோவில் காப்புப்பிரதி எடுப்பது, புதிய பதிப்புக்கு மாற்றுவது எல்லாம் நம் பொறுப்பு. டாக்கர் தெரிந்தவர் ஒருவராவது அழைத்தால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாத இடத்தில், சந்தாவுக்கு நிலையான வருமானமும் இருந்தால், யோடெக்கையே எடுக்கச் சொல்வேன்.

தொடுதிரையில் ஜீபோவை நாங்கள் ஓட்டிப் பார்த்ததில்லை. பல திரைகள் ஒரே காட்சியாக இணைந்து ஓடும் காணொளிச் சுவரும் எங்களிடம் இல்லை. அந்தத் தேவை இருப்பவர்கள் பிரைட்சைன் போன்ற, திரையை இயக்கவே செய்யப்பட்ட தனிப் பெட்டிகளையும் வரவழைத்து, தங்கள் காணொளியையே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.