பகடையைத் திட்டலாமா, எதிராளியையா: நெப்போலியன் போருக்கு மூன்று பலகைகள்

நெப்போலியன் காலத்துப் போரை இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆட ஏகப்பட்ட பலகை விளையாட்டுப் பெட்டிகள் உண்டு. இங்கே மூன்று: ரிச்சர்ட் போர்க் வடிவமைத்த ‘கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: நெப்போலியானிக்ஸ்’ (2010), 1974இல் முதலில் வெளிவந்து இப்போது கொலம்பியா கேம்ஸ் விற்கும் ‘நெப்போலியன்’, போவன் சிம்மன்ஸின் ‘நெப்போலியன்ஸ் டிரையம்ஃப்’ (2007). தோற்றவர் யாரைத் திட்டுகிறார் என்று பார்த்தாலே மூன்றும் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

முதலாவதில் பகடையைத் திட்டலாம், சீட்டையும் திட்டலாம். பலகை இடது, நடு, வலது எனப் பிரிந்திருக்கும். கையிலுள்ள சீட்டு எந்தப் பகுதியைச் சொல்கிறதோ அங்கேதான் படை நகரும். வலப்பக்கம் சரிந்துகொண்டிருக்கும்போது கையில் இடப்பக்கச் சீட்டுகளாகவே சேரும். எரிச்சல்தான். ஆனால் உத்தரவு குதிரையேறிப் போன காலம் அது, பொறுத்துக்கொள்ளலாம். இந்த ஆட்டத்தின் ருசி படைகளின் குணத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் காலாட்படை நகராமல் நின்று சுட்டால் கூடுதலாக ஒரு பகடை. பிரெஞ்சுக் காலாட்படைக்கு அது எதிரிக் காலாட்படையோடு நெருங்கி மோதும்போது கிடைக்கும். குதிரைப்படை பாய்ந்து வந்தால் காலாட்படை சதுர அணி கட்டலாம். அதற்கு விலை, கையிலிருந்து ஒரு சீட்டு. அணி கலையும்வரை அது திரும்பாது. மூன்று சதுரம் கட்டிய தளபதிக்கு யோசிக்கக் கையில் அதிகம் மிஞ்சாது. பீதியை இவ்வளவு சிக்கனமாக விதியாக்கிய வேறொரு ஆட்டம் எனக்குத் தெரியாது. (மரக்கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டுவது தனித் தண்டனை. பிள்ளைகளைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

கொலம்பியாவின் ஆட்டம் ஒரு போர்க்களம் அல்ல, 1815 ஜூன் மாதத்து பெல்ஜியப் படையெடுப்பு முழுவதும். படைகளைக் குறிக்கும் கட்டைகள் நிமிர்ந்து நிற்கும். முகப்பு சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். எதிரே வருவது முழுப்படையா, நாலு குதிரைகளா என்று மோதினால்தான் விளங்கும். எதிரணித் தளபதிகளான பிரிட்டனின் வெலிங்டனும் பிரஷ்யாவின் புளூஹரும் கைகோர்ப்பதற்குள் இருவரையும் தனித்தனியே முறிக்க வேண்டும் என்ற பதற்றம் பிரெஞ்சுப் பக்கத்துக்கு. ஜூன் 16 அன்று பிரெஞ்சுத் தளபதி தெர்லோனின் படைப்பிரிவு லிக்னி, குவாட்ர் பிரா என்ற இரண்டு போர்க்களங்களுக்கு நடுவே அலைந்து இரண்டிலும் சண்டையிடாமல் போனது நிஜ வரலாறு. இந்தப் பலகையில் அது சாதாரணமாக நடக்கிறது, யாரும் விதி எழுதி நடத்தவில்லை. சண்டை மூண்டபின் பகடைதான் தீர்ப்புச் சொல்லும் என்றாலும், பாதித் தோல்வி அதற்கு முன்பே சாலையில் தீர்மானமாகியிருக்கும்.

மூன்றாவதில் பகடையே கிடையாது. களம், 1805 டிசம்பர் 2 அன்று நடந்த ஆஸ்டர்லிட்ஸ் போர். கட்டைகளின் பலம் எதிராளிக்குத் தெரியாது. தாக்க வருவதாக மிரட்டிவிட்டு, எதிராளி நிற்பதா விலகுவதா என்று சொன்ன பிறகு, அது வெறும் பாசாங்கு என்று விட்டுவிடவும் இடமுண்டு. வலப்பக்கத்தை வேண்டுமென்றே பலவீனமாகக் காட்டி ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை இழுத்த நெப்போலியனின் தந்திரத்தை ஆட்டத்தின் மையமாகவே வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுத் தளபதி தாவூ போன்றவர்களின் துணைப்படையைக் களமிறக்கவும் பிரெஞ்சு ஆட்டக்காரரால் முடியும், ஆனால் இறக்கினால் வெற்றிக்கான நிபந்தனை மாறித் தாக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும். அழகான பொறி இது. வரைபடமும் அந்தக் காலத்துப் போர் வரைபடம்போலவே இருக்கும். தோற்றால் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சிலருக்கு இதனாலேயே பிடிக்காது. விதிகளும் சட்டென்று மண்டையில் ஏறாது, முதல் ஆட்டம் தடுமாறித்தான் போகும். புதுப் பெட்டி கிடைப்பதும் அரிது.

வாரம் ஒருமுறை சந்தித்துச் சிரித்துக்கொண்டே ஆடுபவர்களுக்கு போர்க்கின் பெட்டி போதும். ஒரே எதிராளியோடு ஆண்டுக்கணக்கில் மோதப் போகிறவர்கள், செஸ் ஆடிப் பழகியவர்கள், சிம்மன்ஸைத் தேடிப் பிடிக்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு கொலம்பியாவுக்கு. அதில் ஆடிப் பழகியவர் பிரெஞ்சுப் பக்கத்தை எடுப்பது நல்லது: நேரம் கழியக் கழிய நெருக்கடி அவருக்குத்தான்.