வி.சி.ஆர். பழுது: புது உதிரியா, பழைய டெக்கா?

அக்கா கல்யாண கேசட்டுக்காகவே எங்கள் வி.சி.ஆரை (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) இன்னும் காப்பாற்றி வருகிறேன். கடைசிவரை இதைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆக, இரண்டு வழிதான்: சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் புது உதிரி தேடுவது, அல்லது அதே மாடலில் ஓடாத பழைய டெக் (அதாவது வி.சி.ஆர்.) ஒன்றை வாங்கி அதிலிருந்து கழற்றுவது.

பெல்ட், பிஞ்ச் ரோலர் (டேப்பை அழுத்தி நகர்த்தும் உருளை), ஐட்லர் டயர் (ரீலைச் சுழற்றும் சக்கரத்தின் ரப்பர் வளையம்) போன்ற ரப்பர் சாமான்களுக்கு முதல் வழியே சரி. பழைய டெக்கின் ரப்பருக்கும் அதே வயசுதானே! நம்மூர் வெக்கையில் அதுவும் இளகியோ இறுகியோ போயிருக்கும். பெல்ட்டுக்கு மாடல் எண்கூட வேண்டாம். சுற்றளவும் தடிமனும் ஒத்துப்போனால் பெரும்பாலும் ஓடிவிடும். கெப்பாசிட்டரும் புதிதாகவே வாங்குங்கள்.

ஹெட் டிரம் (டேப்பில் உள்ள படத்தைப் படிக்கும் ஹெட்கள் பதித்த, சுழலும் உருளை), பல்சக்கரம், மோட் சுவிட்ச் (டெக்கின் இயக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் சுவிட்ச்) என்று வந்தால் பழைய டெக்தான் கைகொடுக்கும். ஒரு மாடலுக்குரியது இன்னொன்றில் எளிதில் உட்காராது. வாங்குமுன் மூடியைத் திறந்து டிரம்மைப் பாருங்கள். ஹெட் முனை உடைந்திருந்தால் வேண்டாம்.

எந்த வழியானாலும், பூஞ்சை பிடித்த கேசட்டைப் போட்டுவிடாதீர்கள், ஹெட் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி தோலை (துடைக்கப் பயன்படும் மெல்லிய, மென்மையான தோல்) டிரம்மில் ஒட்டிப் பிடித்து, டிரம்மை மட்டும் கையால் மெல்லச் சுற்றுங்கள். பஞ்சு வேண்டவே வேண்டாம். நார் சிக்கி ஹெட் உடையும்.