வரிசைச் சோடியைச் சரிபார்த்தல்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒரு வரிசைச் சோடி, அதாவது முதல் எண், இரண்டாம் எண் என்று வரிசையாக எழுதிய இரு எண்கள், நேரியல் அசமன்பாட்டை (இரு மாறிகளைக் கொண்ட, ‘குறைவு’ அல்லது ‘மிகுதி’ என ஒப்பிடும் கூற்றை) நிறைவு செய்கிறதா என்று பார்ப்பதற்கு, ஆறு ஆண்டுகளாக வரைபடச் செயலி, நானே எழுதிய சிறு நிரல், தாளும் பேனாவும் ஆகிய மூன்றையும் மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன்.

தொடக்கத்தில் செயலியே போதும் என்று நினைத்தேன். முதல் எண்ணின் மும்மடங்கிலிருந்து இரண்டாம் எண்ணின் இருமடங்கைக் கழித்தால் 7-ஐவிடக் குறைவாக வரவேண்டும் என்ற அசமன்பாட்டை அதில் உள்ளிட்டால், எல்லைக்கோடு விட்டுவிட்டும் தீர்வுப் பகுதி நிறமேறியும் தெரியும். (0, 0) போன்ற புள்ளிக்குப் பார்த்த மாத்திரத்தில் விடை சொல்லிவிடலாம். சிக்கல் எல்லையருகில்தான். (2.3, 0) என்ற சோடிக்கு 6.9 கிடைப்பதால் அது தீர்வு; (1, −2) என்ற சோடிக்கு 3 + 4 = 7 என்று வருவதாலும், 7 என்பது 7-ஐவிடக் குறைவன்று என்பதாலும் அது தீர்வாகாது. ஆனால் (2.3, 0) என்ற புள்ளி கோட்டிலிருந்து ஏறத்தாழ 0.03 அலகு தொலைவில்தான் இருப்பதால், −10 முதல் 10 வரை விரிந்த திரையில் இரண்டும் கோட்டின்மேல் இருப்பதாகவே கண்ணுக்குப் படுகின்றன.

நிரல் இந்தக் குறையைத் தீர்க்கும் என்று நம்பினேன். கூட்டுத்தொகை 0.3-ஐ மிஞ்சக்கூடாது என்ற அசமன்பாட்டுக்கு (0.1, 0.2) பொருந்தாது என்று அது அடித்துச் சொன்னபோதுதான் விழித்துக்கொண்டேன். இந்தத் தசமங்களை, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் முழுத் துல்லியமாக எழுத இயலாததால், கூட்டுத்தொகை 0.30000000000000004 என்று கணினிக்குள் நின்றுவிடுகிறது. இரு பக்கத்தையும் 10-ஆல் பெருக்கி, முழு எண்களாகவே ஒப்பிடும்படி மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கையால் பிரதியிடுவதில், அதாவது மாறிகளின் இடத்தில் சோடியின் எண்களைப் போட்டுக் கணக்கிடுவதில், எனக்குப் பிடித்தது, அசமன்பாட்டை மாற்றி எழுதவே தேவையில்லை என்பதுதான். கோடு வரைவதற்காக இரண்டாம் மாறியைத் தனிமைப்படுத்தி, குறை எண்ணால் வகுத்துவிட்டு அசமன்பாட்டுக் குறியைத் திருப்ப மறந்து, சரியான விடையொன்றைத் தவறென்று திருத்திய வெட்கம் எனக்கு உண்டு. பிரதியிடும்போது அடைப்புக்குறி மட்டும் கட்டாயம்; 3(1) − 2(−2) என்று எழுதாமல் மனக்கணக்காகப் போட்டால் 7-க்குப் பதிலாக −1 வந்து, தீர்வல்லாதது தீர்வாகிவிடும். எண்களை இடம்மாற்றிப் போட்டாலும் இதே கதிதான்: (−2, 1) என்றால் −8, அது தீர்வு.

இப்போது செயலியைத் திறப்பது, தீர்வுப் பகுதி எந்தப் பக்கம் என்று ஒருவருக்குக் காட்ட மட்டுமே.