மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச்: பூ மண்டிக் கணக்குக்குத் தாங்குமா?

மதுரை மாட்டுத்தாவணியில் ஒரு பூக் கமிஷன் கடைக்கு டேட்டாபேஸ் வரைய, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைப் படமாக வரைந்து உருவாக்கும் மென்பொருளான மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச் தாராளமாகப் போதும். காசு கிடையாது, டேபிளை இழுத்து வைத்து, டேபிள்களை இணைக்கும் காக்காய்க்கால் கோடு (நுனி காக்கைக் கால்போல் பிரியும்) போட்டால் படம் தயார். ஆனால் கடையின் கட்டுப்பாடுகளில் பாதிதான் அந்தக் கோட்டுக்குள் அடங்கும்.

'விவசாயி பெயர் இல்லாமல் சீட்டு கிடையாது' என்பது சுலபம். சீட்டு டேபிளிலிருந்து விவசாயி டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ போட்டு, அந்த ஃபீல்டில் என்என் (நாட் நல், அதாவது காலியாக விடக்கூடாது) கட்டத்தை டிக் செய்தால் முடிந்தது. 'ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பூவாவது இருக்கணும்' என்பதற்கும் மேண்டட்டரி (கட்டாயம்) டிக் உண்டு. படத்தில் குறி மாறும், டேபிளை உருவாக்கும் எஸ்கியூஎல் கட்டளையில் ஒன்றும் வராது. காலிச் சீட்டு ஜோராக உள்ளே போகும். ஒன்றுக்கு ஒன்று கோடும் இதே கதைதான், ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸை நாமே சேர்க்கவேண்டும்.

'எடை பூஜ்யத்துக்கு மேல்' என்று செக் (மதிப்பைச் சோதிக்கும் நிபந்தனை) எழுத டேபிள் எடிட்டரில் இடமே இல்லை. பெரிய குறை இது. செக்கைப் பிறகு சேர்க்கும் ஆல்டர் டேபிள் கட்டளை வரிகளைத் தனி ஃபைலில் வையுங்கள். மாடலிலிருந்து டேபிளை டிராப் செய்து மறுபடி உருவாக்கினால் செக் காணாமல் போய்விடும். சர்வர் 8.0.16-க்கு முந்தையதென்றால் செக்கை வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எடை 'நல்' என்று, அதாவது காலியாக வந்தாலும் செக் தடுக்காது, அதனால் நாட் நல்லும் கூடவே வேண்டும்.

வியாபாரியின் பாக்கி 25,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பதுதான் வில்லங்கம். செக்கில் சப்கொயரி (வேறு வரிகளைத் தேடிப் பார்க்கும் உள்கேள்வி) செல்லாது. சீட்டு ஏறும்போது தானாக ஓடும் டிரிக்கரில் பழைய சீட்டுகளைக் கூட்டிப் பார்க்கலாம். விடிகாலை நெரிசலில் இரண்டு கல்லாவிலிருந்து ஒரே ஆளுக்குச் சீட்டு ஏறினால் இரண்டுமே பழைய பாக்கியைப் பார்த்து விட்டுவிடும். பாக்கியையும் வரம்பையும் வியாபாரி டேபிளிலேயே வைத்து, டிரிக்கர் பாக்கியை மட்டும் அப்டேட் செய்யட்டும். அப்டேட் அந்த வரியைப் பூட்டும்; 'பாக்கி <= வரம்பு' என்ற செக் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

எந்த மென்பொருளும் பிடிக்காத தப்பு ஒன்று உண்டு: விலை டேபிளில் தேதியும் பூவும் சேர்ந்து யுனிக். படத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும். மல்லிக்கு விடியலில் ஒரு விலை, பத்து மணிக்கு வேறு விலை. இரண்டாவது விலை ஏறாது. கணக்குப்பிள்ளை பழையதன் மேலேயே திருத்துவார், காலையில் போட்ட சீட்டெல்லாம் தொகை மாறும். நேரத்தையும் கீயில் சேர்த்து, விற்ற விலையைச் சீட்டு வரியிலேயே எழுதிவையுங்கள்.

எக்ஸாம்ப் (வெப் சர்வரும் டேட்டாபேஸும் சேர்ந்த இலவசத் தொகுப்பு) வைத்திருப்பவர்களுக்கு: உள்ளே இருப்பது மைஎஸ்கியூஎல் அல்ல, அதிலிருந்து பிரிந்த மரியாடிபி. வொர்க்பெஞ்ச் 8.0 தரும் ஸ்கிரிப்டில் இண்டெக்ஸ் வரியின் கடைசியில் வரும் 'விசிபிள்' என்ற சொல்லில் அது பிழை காட்டி நின்றுவிடும். மாடல் ஆப்ஷனில் டார்கெட் வெர்ஷனை 5.7 என்று மாற்றிவிட்டு ஸ்கிரிப்டை எடுங்கள்.