54 கிலோ குறைந்த பிறகு, தொங்கும் தோலோடு ஐந்து வருஷம்

2018 ஜூனில் என் எடை 128 கிலோ. சுகர் என்று தெரிந்த மாதம் அது. 2020 பிப்ரவரியில் 74 கிலோவுக்கு வந்தேன். எப்படிக் குறைத்தேன் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். குறைந்தபிறகு மிஞ்சிய தோலை என்ன செய்வது என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. இந்த ஐந்து வருஷத்தில் நான் வாங்கிப் போட்டது, பூசியது, தைத்தது, கடைசியில் வெட்டி எடுத்தது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடி முன்னால் நின்ற கதை. கொழுப்பு போன இடத்தில் வயிறு இரண்டு மடிப்பாகத் தொங்கியது. கீழ் மடிப்பு தொடை வரைக்கும் இறங்கியது. மேல்கைகளில் கொடியில் காயும் துணி மாதிரி ஆடியது. தொடையின் உள்பக்கம் இரண்டும் உரசும். ஓடினால் வயிறு 'டப் டப்' என்று சத்தம் போடும், நான் மிகைப்படுத்தவில்லை. ஊர்க்காரர்களுக்கோ வேறு கவலை. "ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா? மூஞ்சியே இல்லீங்களே" என்று கேட்காதவர்கள் குறைவு. குண்டாக இருந்தபோது இப்படி யாரும் அக்கறைப்பட்டதில்லை.

எடை குறைந்தபிறகு முதல்முறையாகத் திருச்செந்தூர் கோயிலுக்குப் போனோம். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். 128 கிலோவில் கூச்சமில்லாமல் கழற்றியவன், அன்றைக்குத் துண்டை மார்பிலிருந்து இடுப்புவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் இருந்த பொடியன் திரும்பிப் பார்த்து, "மாமா, வயித்துல என்ன, பையா?" என்றான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினார். அவன் கேட்டதில் தப்பில்லை. பார்க்கப் பைதான்.

சரி, வரிசையாக வருகிறேன்.

இறுக்கும் க்ரீம்: இரண்டு டப்பா வாங்கினேன், மொத்தம் 3,400 ரூபாய். ஆறு மாதம் தினம் இரண்டு வேளை பூசினேன். தோல் மெதுமெதுவென்று இருந்தது, ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. பிறகு தோல் டாக்டர் விளக்கினார். தோலை இழுத்தால் திரும்பவைக்கும் நார்கள் (கொலாஜன், எலாஸ்டின் என்கிறார்கள்) அடித்தோலில் இருக்கின்றன. பல வருஷம் இழுபட்டே கிடந்ததால் அவை அறுந்தும் தளர்ந்தும் போயிருக்கின்றன. மேலே பூசுவது அங்கே போய் அறுந்த நாரைக் கட்டாது. பனியன் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிற எனக்கு இது அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? லைக்ரா (இழுத்தால் திரும்பும் நூல்) செத்துப்போன ரிப் துணியை எந்த சாஃப்ட்னரில் முக்கினாலும் அது நீட்டினது நீட்டினதுதான்.

உடற்பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. கையிலும் தொடையிலும் சதை கொஞ்சம் ஏறியதால் தளர்வு ஓரளவு மறைந்தது. முதல் ஒன்றரை வருஷத்தில் தானாகவும் கொஞ்சம் சுருங்கியது. வயிற்றில் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்து, யாரும் வெளியே பேசாத மடிப்புப் புண். தோலும் தோலும் ஒட்டுகிற இடத்தில் வேர்வை தங்கி, ஈரம் ஊறி, பூஞ்சை பிடித்துச் சிவந்துபோகும். ஒரு நாத்தமும் வரும். நான் செய்த பெரிய முட்டாள்தனம் இங்கேதான். மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப் வாங்கினேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்திய நாலாம் நாள் முன்னைவிட அகலமாக வந்தது. மறுபடி பூசினேன், மறுபடி நின்றது, மறுபடி வந்தது. மூன்று மாதம் இப்படி ஓடியது. தோல் டாக்டர் டியூபை வாங்கிப் பார்த்துவிட்டுத் திட்டினார். அதில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டே போகும், தோலும் மெலியும். அவர் ஸ்டீராய்டு இல்லாத வெறும் பூஞ்சை க்ரீம் கொடுத்து, சிவப்பு மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூசச் சொன்னார். அத்தோடு அடங்கியது. டியூபின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் அங்கே பூசாதீர்கள்.

தினசரி எனக்கு வேலை செய்தது ரொம்பச் சாதாரணம். குளித்ததும் மடிப்பைத் தூக்கித் துண்டால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஒரு நிமிஷம் காட்ட வேண்டும். பிறகு பழைய வேட்டித் துணியைக் கிழித்து, பட்டையாக மடித்து உள்ளே வைக்க வேண்டும். வேர்த்தால் மாற்ற வேண்டும், கோடையில் நாளைக்கு நாலு பட்டை ஆகும். புது வேட்டி ஆகாது, கஞ்சி போகத் துவைத்துத் துவைத்து நைந்ததுதான் வேண்டும். பவுடர் போட்டால் வேர்வையோடு சேர்ந்து மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடும், அதை விட்டுவிட்டேன். தேங்காய் எண்ணெயும் அந்த இடத்துக்கு ஒத்துவரவில்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன், இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை. ஆன்லைனில் மூன்று வாங்கினேன். முதலாவதை "இன்னும் இறுக்கமாக இருந்தால் நல்லது" என்று ஒரு சைஸ் குறைத்து வாங்கினேன். உட்கார்ந்தால் மேல் விளிம்பு சுருண்டு கயிறு மாதிரி அறுக்கும், சாப்பிட்டால் நெஞ்செரிச்சல். இரண்டாவதில் தையல் ஓவர்லாக் (துணி விளிம்பைச் சுற்றிப் போடுவது), அந்த முண்டு தொடையில் உரசித் தோல் உரிந்தது. மூன்றாவது துணி நல்ல துணி, ஆனால் காற்றே போகாது.

எங்கள் சாம்பிள் செக்‌ஷனில் இருக்கும் டெய்லர் அக்காவிடம் கூச்சத்தை விட்டுச் சொன்னேன். "இதுக்குப் போயா தம்பி ரெண்டு வருஷமா நெளிஞ்சுட்டு இருந்த?" என்று இஞ்ச் டேப்பை எடுத்தார். துணி நைலான் ஸ்பான்டெக்ஸ் (லைக்ராவேதான்), 220 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 220 கிராம் கனம். தையலெல்லாம் தட்டையாக உட்காரும் பிளாட்லாக், அதிலும் முண்டு இல்லாத பக்கம் தோலைப் பார்க்கிற மாதிரி. இடுப்புப் பட்டை நாலு விரல் அகலம், மார்புக்குக் கீழ்வரை ஏற்றி வைத்தால் சுருளாது. கால் முட்டிக்கு மேல் வரை நீளம். மடிப்பு உட்காரும் இடத்தில் மட்டும் உள்பக்கம் காட்டன் பட்டை. இரண்டு பீஸ் வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறேன். கையால் துவைத்து நிழலில் காயப்போட்டால்கூட ஐந்தாறு மாதத்தில் ஸ்பான்டெக்ஸ் செத்துவிடும். வெயிலில் போட்டால் அதற்கும் முன்னாடியே. இதைப் போட்டால் தோல் குறையாது, போட்டிருக்கும் வரை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதனால்தான் என்னால் மறுபடி ஓட முடிந்தது. இத்தனை வருஷத்தில் செலவழித்த பணத்தில் இதற்குப் போட்டதுதான் மதிப்பு.

வயிற்றுத் தோலை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை 2023 ஜனவரியில், கோவையில். எடை ஒரு வருஷமாவது ஏறாமல் இறங்காமல் நின்றிருக்க வேண்டும் என்றார்கள், எனக்கு மூன்று வருஷம் நின்றிருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துத் தள்ளிப்போட்டார்கள். புரதம் கூட்டச் சொன்னார்கள். சிகரெட் பிடிப்பவர்களானால் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் காயம் சரியாக ஆறாது.

இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. அழகுக்காகச் செய்யும் சிகிச்சை என்பது பாலிசிகளின் பொது விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு விதிவிலக்கு உண்டு. உடல்நலத்துக்கு நேரடி ஆபத்து என்று டாக்டர் சான்றளித்தாலும் பரிசீலிக்க வேண்டும். புண் படங்களையும் டாக்டர் சீட்டுகளையும் இணைத்து அனுப்பிப் பார்த்தேன், ஒரே வரியில் நிராகரித்தார்கள். போதாக்குறைக்கு அழகு சிகிச்சைக் கணக்கில் வந்ததால் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி. மடிப்புக்குள் புண் வைத்துக்கொண்டு மூன்று கோடை கழித்தவனுக்கு இதில் என்ன அழகு என்று இன்னும் புரியவில்லை. கையில் காசில்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவைக் கேட்டுப் பாருங்கள். நான் அதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

வெட்டி எடுத்தது 2.6 கிலோ. இதைக் கேட்டதும் எல்லோரும் "அவ்வளவுதானா?" என்கிறார்கள். தோல் கனக்காது, இடத்தைத்தான் அடைக்கும். மறுநாளே நடக்க வைத்தார்கள், ரத்தம் உறையாமல் இருக்க. உள்ளே சேரும் நீர் வடிய இரண்டு பக்கமும் டியூப், ஒன்பது நாள். பத்து நாளுக்கு நிமிர முடியாது, கிழவன் மாதிரி கூன் போட்டுத்தான் நடை. தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்வேன். டியூப் எடுத்தபிறகு உள்ளே நீர் கட்டியது, இரண்டு முறை ஊசியால் எடுத்தார்கள். இறுக்க உடை ஆறு வாரம் இரவும் பகலும். ஆஸ்பத்திரியில் கொடுத்ததன் தையலைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது, ஆனால் அந்த ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டு அதையேதான் போட்டேன்.

இன்றைக்கு மடிப்பு இல்லை, புண் இல்லை, வேட்டிப் பட்டை இல்லை. இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரை ஒரு கோடு. ஒரு வருஷம் சிவப்பாகத் தடித்திருந்தது, இப்போது வெளுத்துவிட்டது. தொப்புளுக்குக் கீழே நாலு விரல் அளவுக்கு இன்னும் உணர்ச்சி முழுசாக வரவில்லை, எறும்பு ஊர்ந்தால் தெரியாது. போன வைகாசியில் திருச்செந்தூரில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நின்றேன். ஒருவர் தழும்பைப் பார்த்து, "குடலிறக்கமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கைக்கும் தொடைக்கும் செய்துகொள்ளவில்லை. கைத் தழும்பு அக்குளிலிருந்து முழங்கை வரை ஓடும் என்றார்கள், தோல் ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். அரைக்கைச் சட்டையின் கையை முழங்கை வரை இரண்டு இஞ்ச் இறக்கித் தைத்துக்கொள்கிறேன். தொடைக்கு மட்டும் பழைய உடைதான், இப்போது இடுப்புப் பட்டையைச் சின்னதாக்கி. அதில் கால் விளிம்பு ஓடும்போது இன்னும் மேலே ஏறுகிறது. சிலிக்கான் பட்டை வைத்துப் பார்த்தோம், வேர்வையில் அரித்தது. அடுத்த பீஸுக்கு அக்கா ரிப் விளிம்பு போட்டுப் பார்க்கலாம் என்கிறார். திங்கட்கிழமை கட்டிங்.