கானாடுகாத்தான் பக்கத்துப் பாரம்பரிய விடுதி: தூக்கத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

செட்டிநாட்டு விடுதிகளைப் பற்றி எழுதுபவர்கள் பர்மா தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் இலையில் விழுந்த பதினெட்டு வகைகளையும் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். காசு கொடுத்து இரவு தங்கும் இடத்தில் தூக்கம் எப்படி இருந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. குடும்பப் படைப்புக்காக (முன்னோருக்குப் படையலிடும் சடங்குக்காக) தை மாதத்தில் நியூஜெர்சியிலிருந்து அண்ணனும் அண்ணமிண்டியும் (அண்ணன் மனைவியும்) பிள்ளைகளோடு வந்தபோது, பங்காளிகள் எல்லோருமாகக் கானாடுகாத்தானுக்கு அருகில் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய வீட்டில் தங்கினோம். இங்கே நான் சொல்லப்போகும் குறை இவ்வட்டாரத்தில் வேறு பல விடுதிகளுக்கும் பொருந்தும் என்பதால் இந்த விடுதியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றமுள்ள பகுதி), அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி எனத் தெருவிலிருந்து தெருவரை நீளும் வழக்கமான அமைப்புதான். வளவின் முற்றத்தில் காலை எட்டு மணிக்கெல்லாம் வெயில் இறங்கத் தொடங்கி, உச்சியில் கண் கூசும் அளவுக்கு நிறைந்துவிடுகிறது. சுற்றியுள்ள தாழ்வாரத்தில் நிழல் இருந்தாலும், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவர்கள் அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்புவதால், பகலில் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளியில் இருப்பதற்குச் சமம். அறைகளோ இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், ஒன்றாக ஒதுக்கப்பட்டு, பெட்டகங்களையும் சாமான்களையும் வைத்துப் பூட்டுவதற்காகக் கட்டப்பட்ட அந்த அறைகளில் சன்னல் அரிது. சுவர் முழ அகலம். கதவைச் சாத்தினால் உள்ளறையில் கையை நீட்டினால் கை தெரியாது. பகலில் நல்ல வெளிச்சமும் இரவில் நல்ல இருட்டும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது, தூக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் உடலின் உள் கடிகாரத்துக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விடுதி நடத்துபவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குத் தொலைவில் நடந்ததன்று. எம். கே. சந்திரசேகரன் 1970-களில் செர்மனியிலிருந்து திரும்பி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையை வளர்த்தார். குகை வௌவால்களின் பறக்கும் நேரத்தை ஆராய்ந்த அவரும் அவருடைய மாணவர்களும், வெளிச்சமே எட்டாத இடத்தில் அடைத்துவைத்த வௌவால்கூடத் தன் கூட்டத்தாரின் நடமாட்டத்தைக் கொண்டு தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்பதை 1981-இல் வெளியிட்டார்கள். சூரியனும் கடிகாரமும் தெரியாமல் மனிதர்களைத் தங்கவைத்துப் பார்ப்பதற்கான தனியறை ஒன்றும் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தது. மனிதரின் உள் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. ஹார்வர்டில் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் 1999-இல் வெளியிட்ட கணக்கின்படி சராசரியாக 24 மணி 11 நிமிடம். இந்த மிச்சத்தை அன்றாடம் கழித்துச் சரிசெய்வது முதன்மையாகக் கண்ணில் விழும் ஒளிதான். விழித்திரையில் உள்ள சில தனி உயிரணுக்கள், குறிப்பாக 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியால் தூண்டப்பட்டு, மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட மையத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. இருட்டிய பிறகு மூளையிலுள்ள பினியல் சுரப்பி, இரவு வந்துவிட்டதென்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற இயக்குநீரை வெளியிடுவதும், வெளிச்சம் பட்டால் நிறுத்திக்கொள்வதும் அந்த மையத்தின் உத்தரவுப்படி நடப்பவை.

இனி விடுதியின் குறைக்கு வருகிறேன். அந்தி சாய்ந்ததும் வளவைச் சுற்றி ஃபோகஸ் விளக்குகளைப் போட்டுவிடுகிறார்கள். எல்லாம் பெட்டியின் மேல் 6500 கெல்வின் என்று அச்சிட்ட, நீலம் கலந்த வெள்ளை எல்இடி. அவை நள்ளிரவு வரை எரிகின்றன. அறைக் கதவின் மேலே வண்ணக் கண்ணாடி பதித்த அரைவட்டச் சாளரம் ஒன்று இருக்கிறது. பகலில் படம் எடுப்பதற்கு அழகானது. எங்கள் அறையில் அதன் நடு வில்லை ஆழ்ந்த நீலம். முற்றத்து விளக்கு அதன் வழியாக வந்து, தலையணை இருக்கும் பக்கத்துச் சுவரில் ஒரு முறம் அளவுக்கு நீலத் திட்டாக நள்ளிரவு வரை படிந்திருந்தது. அதுவரை கண் விழித்த போதெல்லாம் முதலில் பட்டது அதுதான். போதாக்குறைக்குக் குளியலறையில் கண்ணாடிக்கு மேல் ஒரு குழல்விளக்கு. இரவில் ஒருமுறை எழுந்து போய்வந்தால் மீண்டும் கண்ணயர நேரமாகிறது.

இதை மிகையான புகார் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஜோஷுவா கூலி (Gooley) என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 116 பேரை வைத்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கைக்கு முந்தைய மணிநேரங்களில் 200 லக்ஸுக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறைவான சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு, 3 லக்ஸுக்கும் குறைவான மங்கிய ஒளியில் இருந்த நாட்களோடு ஒப்பிட, மெலடோனின் சுரக்கும் கால அளவு ஏறக்குறைய 90 நிமிடம் சுருங்கியது. நிலா வெளிச்சம் முழு லக்ஸ் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. வெளியே பகல் வெயிலோ பல்லாயிரம் லக்ஸ். அந்த இரண்டுக்கும் நடுவில், பகலுக்குப் போதாததும் இரவுக்கு மிகையானதுமான ஒரு வெளிச்சத்தில் நாம் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். மேலாளரிடம் சொன்னபோது, "விளக்கெல்லாம் எரிஞ்சாத்தாண்ணே வீடு எடுப்பா இருக்குன்னு வர்றவுக சொல்றாக" என்றார். அதுவும் பொய்யில்லை. ஆனாலும் மறுநாள் பத்து மணிக்கு மேல் எங்கள் பக்கத்து விளக்குகளை அணைத்துவைத்தார், நல்ல மனிதர்.

இரண்டாவது குறை, கட்டணத்தோடு சேர்த்துத் தரும் 'சூரிய உதய நடை'. உள்ளூர்க்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் காலை வெளிச்சம் நல்லதுதான், மறுப்பில்லை. வந்து இறங்கிய முதல் நாளே நியூஜெர்சிக்காரர்களை ஐந்தரை மணிக்கு எழுப்பி ஊருணிக்கரைக்கு அழைத்துப் போவது, நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வேறுபாடு. உடல் வெப்பம் மிகக் குறைந்திருக்கும் நேரம், வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி முன்பு, அங்கே விடியற்காலை நான்கு நாலரை. அது நம் ஊரில் பிற்பகல் இரண்டரை மூன்று. அந்தக் கட்டத்துக்கு முன் கண்ணில் படும் வலுவான ஒளி கடிகாரத்தைப் பின்னே தள்ளும், அதற்குப் பின் படுவது முன்னே இழுக்கும். ஆக, அவர்கள் முதல் நாள் காலையை நிழலில் கழித்துவிட்டு மூன்று மணிக்கு மேல் முற்றத்துக்கு வர வேண்டும். பிறகு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி வீதம் அந்த நேரத்தை முன்னே கொண்டுவரலாம். அண்ணன் மரியாதைக்காக நடைக்குப் போய்விட்டு, படைப்பு வீட்டில் நண்பகலில் தூணில் சாய்ந்து உறங்கினார். சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு வேறுபாடு இரண்டரை மணிதான், அதுவும் எதிர்த்திசையில்; அவர்கள் நான்கு மணிக்கே விழித்துக்கொள்வார்கள், அவர்களுக்கு வேண்டியது மாலை வெளிச்சம்.

அண்ணமிண்டி 10 மில்லிகிராம் மெலடோனின் மிட்டாய் டப்பா ஒன்றும் கொண்டுவந்திருந்தார். விடுதியின் மதிப்பீட்டில் இதற்கு இடமில்லை என்றாலும், வரவேற்பு மேசையில் இப்படிப்பட்ட மாத்திரைகளைக் கேட்பவர்கள் நிறையவாம், அதனால் சொல்கிறேன். நேர வேறுபாட்டுச் சோர்வுக்கு 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை, போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தையொட்டி எடுத்தால் பயன் உண்டு என்பது பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2002 தொகுப்பாய்வின் முடிவு. 5-க்கு மேல் கூட்டுவதால் கூடுதல் பலன் இல்லை, பகலில் தவறான நேரத்தில் எடுத்தால் தூக்கக் கலக்கமும் தாமதமுமே மிச்சம். டப்பாவின் மேல் அச்சிட்ட அளவையும் முழுதாக நம்ப முடியாது: கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது சிலவற்றில் குறிப்பிட்டதைவிட 83 விழுக்காடு குறைவாகவும் சிலவற்றில் 478 விழுக்காடு அதிகமாகவும் இருந்தது. வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், மதியம் இலை நிறைய. இரவுச் சாப்பாட்டை ஒன்பதரைக்கு முன் போடுவதில்லை என்பது மட்டும் இடிக்கிறது. கேட்டால் ஏழரைக்கு இடியாப்பம் பிழிந்து தருகிறார்கள், கேட்க வேண்டும்.

முன்பதிவு செய்பவர்கள் வளவை ஒட்டிய அறைகளை, அவை எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் கட்டில் அறை கேட்க வேண்டும். அங்கே ஃபோகஸ் விளக்கு இல்லை, கதவுக்கு மேல் வெறும் மரச்சட்டம், வாடகையும் குறைவு. கடைசி இரவு நாங்கள் அங்கே மாறிக்கொண்டோம். அண்ணன் குடும்பம் ஆறு மணி வரை அசையவில்லை. விடுதிக்காரர்கள் முற்றத்து விளக்குகளை 2700 கெல்வின் மஞ்சளுக்கு மாற்றி, வெளிச்சம் கீழ்நோக்கி விழும்படி மூடி போட்டு, பத்து மணிக்கு அணைத்தால் வளவு அறைகளுக்கும் இதே பரிந்துரையைத் தருவேன். இரண்டாம் கட்டில் அறைகள் சிலவே இருப்பதால், விசேஷக் காலத்தில் மிகவும் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.